ஒரு சாக்கு உதிர்காலம்

டிசம்பர், இரண்டாம் செவ்வாய்.
ஆப்பிள் மரம் இன்னும் பச்சையாக நிற்கிறது,
லீவு விட்டது தெரியாமல்
பள்ளிக்கூடம் வந்துவிட்ட பையன் மாதிரி.

குலுவிலிருந்து வந்த கன்று.
லாரியில், வேரில் ஈரச்சாக்கு சுற்றி, ஏழு வருடம் முன்பு.
அது முப்பத்திரண்டாம் அட்சரேகை.
இது வில்பட்டி. பத்து, கொசுறாகக் கொஞ்சம்.
நடுவில் தாண்டிய கோடுகளைப் பற்றி
மரத்திடம் யாரும் மூச்சுவிடவில்லை.

அங்கே ஜூனில் பதினாலு மணி நேரம் நிற்கும் சூரியன்
டிசம்பரில் பத்தோடு கடையைக் கட்டும்.
மரத்துக்குப் புரியும். இலையைப் போட்டுவிட்டுப் படுக்கும்.
இங்கே ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகலில் வித்தியாசம்
எழுபது நிமிஷம்.
பழனி பஸ் பஞ்சரானால் அதைவிட நேரமாகும்.

குளிர் இல்லாமல் இல்லை.
கொட்டகைச் சுவரின் வெப்பமானி
இன்று விடியலில் மூன்று, மதியம் பத்தொன்பது.
பதிவேட்டில் மே மாதத்தைப் புரட்டினேன்:
மதியம் இருபத்திரண்டு.
ஏழு மாதம் நடந்து சூரியன் சேர்த்தது மூன்று பாகை.
ஒரே காலையில் ஏறுவது பதினாறு.
முன்பனியும் முதுவேனிலும்
பல் விளக்குவதற்கும் சோறு தின்பதற்கும் இடையில்
முடிந்துவிடுகின்றன.
பெரும்பொழுது ஆறையும்
சிறுபொழுதுக்குள் மடித்து வைத்த ஊர்.

ஒரு ராத்திரி நீளமுள்ள குளிர்காலத்தை
எந்த மரம் நம்பும்?
கண் அயர்வதற்குள் வெயில் தோளைத் தட்டுகிறது.

அதனால் கையால் உருவுகிறோம்.
அமலோற்பவம் ஏணியில், நான் கீழே.
காம்பை மட்டும் கிள்ள வேண்டும்.
இலைக் கக்கத்து மொட்டு நோகக் கூடாது.

"பச்சை இலையை எதுக்கு மேடம் பறிக்கணும்?"
"குளிர்காலம் வந்துருச்சுன்னு மரத்தை நம்பவைக்க."
"பொய்தானே?"
"பொய்தான்."
இரண்டு கிளை முடியும்வரை பேசவில்லை.
"போன வருஷம் எத்தனை காய்ச்சுது?"
"பதினேழு."
"அப்ப நம்பிருச்சு."

உச்சி நேரம். ஏணியை நகர்த்தும்போது பார்த்தேன்:
மொட்டை மரத்தின் நிழல் வடக்கே கிடந்தது.
குலு இருக்கும் திசைதான்.
ரொம்ப நீளமில்லை, என் உயரம்கூட வராது.
ஏப்ரலில் ஒருநாள் அது காலடியில் சுருண்டுகொள்ளும்,
ஜூனில் தெற்கே திரும்பிப் படுக்கும்.
நம் சூரியன் எங்கேயும் போவதில்லை,
கட்டிலில் புரண்டு புரண்டு படுக்கிறது.

ஐந்தே முக்கால்.
பள்ளத்திலிருந்து குளிர்காலம் கிளம்பி
பூண்டுப் பாத்திவரை வந்துவிட்டது.
ஸ்வெட்டரை மாட்டினேன். கை முழுக்க இலைப்பால் பிசுக்கு.
கணக்கு நோட்டில்: மரம் ஒன்று, ஆள் இரண்டு, அரை நாள்.

அமலோற்பவம் ஆட்டுக்கென்று கேட்டாள், கொடுத்துவிட்டேன்.
ஒரு சாக்கில் அடங்கிய உதிர்காலம்
அவள் தலையில் ஏறி
மேட்டைத் தாண்டிப் போகிறது.