கோதுமை மா அரைக் கிலோ

அறுபது தொன் இரும்பு
பத்து மணி பதினேழுக்குச் செத்துப்போனது.
கொன்றது கோதுமை மா, அரைக் கிலோ,
வெயின்ரைட் கடையில் வாங்கி
மெல்லிய பொலித்தீன் பையில் முடிந்தது.

ஒத்திகைதான்.
நடுவர் கையைத் தூக்கி
"சரி, முடிஞ்சுது" என்றார்.
மூடியைத் திறந்து திபொடோ வெளியே வந்தான்,
இமை மீசை எல்லாம் வெள்ளை.
பத்தொன்பது வருஷம் டாங்கிக்குள் இருந்தவன்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை,
பிறகு எல்லோரும் சிரித்தோம்.
அவன் மட்டும் கையுறையைக் கழற்றி
கவசத் தகட்டைத் தொட்டுப் பார்த்தான்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

நாலு கிலோமீட்டர் தள்ளி
பொப்ளர் மரங்களுக்குப் பின்னால்
மீன்பிடிக்கிறவர்களின் மடக்குக் கதிரையில்
டாரியா ஹ்ரின்சக்.
வெக்ரவில் பெட்டை, வயது இருபது.
மைனஸ் இருபத்தாறில் பற்றரி சாகுமென்று
கக்கத்துக்குள் வைத்து அடைகாக்கிறாள்.
அவளுடைய தொலைபேசியில்
ஒன்றுவிட்ட அண்ணன் அனுப்பிய காட்சி:
இதே மூடி, இதே கோணம்,
மா மட்டும் இல்லை.

ஆயிரம் யானையை வீழ்த்தினால்தான்
பரணி பாடுவார்களாம்.
டாரியா மத்தியானத்துக்குள் ஐந்தை வீழ்த்தினாள்.
மா தீர்ந்தபடியால் நிறுத்தினாள்.

அன்றிரவு பட்டறைக்குக் கட்டளை வந்தது:
கூரை போடு.
கொங்கிரீட் கம்பியும் வேலி வலையும் கொண்டு
நான்தான் ஒட்டினேன்.
விடியப் பார்த்தால்
யானை முதுகில் கோழிக்கூடு.
"முட்டை எப்ப போடும்?" என்று கேட்டவனுக்கு
சுத்தியலைக் காட்டினேன்.

எனக்கு அந்த இரைச்சல் பழக்கம்.
நாங்கள் அதை வண்டு என்போம்.
வண்டு சுற்றினால் அம்மா அடுப்பை அணைப்பா,
கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை
ஓடிப்போய் உருவுவேன்,
பிறகு பங்கர், பிறகு எண்ணிக்கை.
வண்டு அப்போது வெறும் கண்.
கண் பார்த்த இடத்துக்கு
ஷெல் வரும்,
கடைசியில் டாங்கி வரும்.
இப்போது அந்தக் கண்ணுக்குப் பல் முளைத்திருக்கிறது.
முதலில் கடிப்பது டாங்கியை.

பகலில் அது அசைவதில்லை.
ஸ்பூரூஸ் மரங்களுக்கடியில் வலை போர்த்தி
எஞ்சினை அணைத்து
சூடு வெளியே தெரியாமல் கிடக்கிறது.
சங்கிலித் தடம் பனியில் காட்டிக்கொடுக்குமென்று
இரண்டு பேர் விளக்குமாறோடு பின்னால் நடக்கிறார்கள்.
பின்னுக்கு நின்று, தொலைவில் குறிவைத்து,
இரண்டு குண்டு அடித்துவிட்டு
இடம் மாறு:
இதுதான் புதுப் பாடம் என்கிறார் கப்டன்.
குறிப்பெடுக்கத் தேவையில்லை எனக்கு.
புகை விடாதே, துணி காயவிடாதே,
ஒரே மரத்தை இரண்டு முறை நம்பாதே.

பாவமாக இருக்கிறதா என்று
என்னையே கேட்டுப் பார்த்தேன்.
இல்லை.
ஆனால் வலையின் ஓரம் விலகிக் கிடந்ததை
இழுத்து மூடிவிட்டுத்தான் வந்தேன்.

நாலாம் நாள் பனிப்புயல்.
டாரியாவின் பூச்சிகள் எல்லாம் பெட்டிக்குள்.
ஓடைக்கு அப்பால் மாட்டிக்கொண்ட காலாட்கள்
வானொலியில் கூப்பிட்டார்கள்,
யாராவது வாங்கோ, பெரிசாக ஏதாவது.
திபொடோ மூடியைச் சாத்தினான்.
ஆயிரத்தைந்நூறு குதிரை
ஒன்றாய்க் கனைத்தன.
கூட்டின் வலையில் பனி அப்ப,
காட்டை விட்டு
தலை நிமிர்த்தி
திறந்தவெளியில் அது போனதை
எல்லோரும் வாசலில் நின்று கைதட்டிப் பார்த்தார்களாம்.

நான் பார்க்கவில்லை.
நிலம் அதிர்ந்ததும்
எனக்குத் தெரியாமலே
பட்டறை மேசைக்கடியில் குந்தியிருந்தேன்,
இரண்டு காதையும் பொத்தி
எண்ணிக்கொண்டு.

இருபத்தேழில் எழும்பினேன்.
முழங்காலில் ஒட்டிய இரும்புத் தூளைத் தட்டி
முகமூடியைத் தேடினேன்.
இன்னும் மூன்று கூடு பாக்கி.