துளை

பித்தளை வில்லை. பத்து சென்ட் காசளவு.
நடுவில் ஒரு மில்லிமீட்டர் துளை.
மூன்று மாதம் பணம் கட்டாத வீட்டுக்கு
இனி இந்தத் துளை வழியாகத்தான் டர்பன் மாநகரம்.

நான் பொருத்துகிறவன். பெகி தோண்டுகிறவன்.
சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்,
சரிவில் தொற்றிக்கொண்ட இரட்டை வீடுகள்.
மீட்டர் பெட்டிக்குள் சிவப்புக் களிமண், நத்தை,
போன தேர்தலின் துண்டுச் சீட்டு.

பட்டியலில் பதினொன்றாவது பெயர்
யோகாம்பாள் படையாச்சி.
வாசலுக்கு வந்தாள். கெஞ்சவில்லை.
அதுதான் எனக்குக் கஷ்டம்.
கெஞ்சுகிறவர்களுக்கென்று என்னிடம்
மனப்பாடமாக நான்கு வாக்கியங்கள் உண்டு,
நான்காவதைச் சொல்லும்போது
ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுவேன்.

"பத்து நிமிஷம் தருகிறேன்,
இருப்பதையெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்."
விதியில் அது இல்லை.
சொன்ன குரல் எனக்கே பிடித்திருந்தது.

அண்டா, பேசின், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி,
ஏழெட்டு கோக் பாட்டில்கள்,
அடி ஓட்டையை மெழுகால் அடைத்த ஒரு பூந்தொட்டி.
கேட்காமலே வேலிக்கு மேலாக
பக்கத்து வீட்டுக் குக்கர் ஒன்று வந்தது, மூடியில்லாமல்.

கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்
கடன் கொடுத்தவனைப் போல.

ஒன்பதாவது நிமிஷம்
ஒரு ஜக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.
இன்னும் நிரம்பாத வாளியைத் தாண்டி,
என்னையும் தாண்டி,
குழியருகே மண்டியிட்டிருந்த பெகியிடம்.
"கையை நீட்டு" என்றாள், ஜூலுவில்.
முழங்கை வரை சிவப்பு மண்.
அவள் ஊற்ற ஊற்றக் கழுவினான்,
அவள் தண்ணீரை மூடப்போகிற கையை,
நகக்கண் தெரியும் வரை.

அந்த ஜக் இனி எத்தனை நேரம் என்று
அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.
அல்லது அவளுக்கும் தெரியும்.

வில்லையைப் பொருத்தினேன்.
படிவத்தில் எழுதினேன். துளை: ஒரு மி.மீ.
நேரம்: பதினொன்று நாற்பது.

வண்டியில் பெகி கேட்டான்,
"உங்கள் கோயில் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறதே,
அது என்ன சொல்?"
கருணை, என்றேன்.
வெள்ளிதோறும் பாடுகிறேன்,
ஆங்கில எழுத்தில் அச்சடித்த தமிழை.
ஒரே பாட்டில் ஆறு தடவை வரும்.
மூச்சு வாங்குகிற இடமாகத்தான் அதை எனக்குத் தெரியும்.
"அப்படியென்றால்?"
பாவம் பார்ப்பது, என்றேன்.
என் பத்து நிமிஷம் நினைவுக்கு வந்து
காது சுட்டது.

"நாங்கள் உஸ்வெலோ என்போம்."
கேட்பதற்கும் உணர்வதற்கும்
அவர்களிடம் ஒரே வினைதானாம்,
அதன் வயிற்றில் பிறந்த சொல்லாம்.
அதற்கு மேல் விளக்காமல்
ரேடியோவில் கால்பந்து தேடினான்.

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு
எங்கள் சமையலறைக் குழாயை
நூலளவு திறந்து வாளியை வைத்தேன்.
முதலில் பிளாஸ்டிக்கின் சத்தம்.
பிறகு தண்ணீர்மேல் தண்ணீர் விழும் சத்தம்.
பிறகு, நின்றுவிட்டதோ என்று
எழுந்து எழுந்து பார்க்கவைத்த ஒரு சத்தம்.
நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்ந்தன.
யாருடைய நாயோ குரைத்து அலுத்தது.
வாளி நிரம்ப இரண்டே முக்கால் மணி நேரம்.

பதினோரு வருடமாக வில்லை பொருத்துகிறேன்.
ஒரு வாளியைக்கூடக் கேட்டதில்லை.

மனைவி வந்து விளக்கைப் போட்டாள்.
"குழாய் கெட்டுவிட்டதா?"
இல்லை, என்றேன்.
அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
விளக்கை அணைக்காமல் போனாள்.

திங்கட்கிழமை
கருவிப் பெட்டியில் ஊசி அரம் ஒன்று கிடந்தது.
என்னுடையது அல்ல.
பெகி ஜன்னலுக்கு வெளியே
எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பித்தளை மிருதுதான். மூன்று சுற்றுப் போதும்.
தூளை ஊதினேன்.

படிவத்தில் எழுதினேன்.
துளை: ஒரு மி.மீ.