பாதிநிலவு ஓதம்

பசிபிக்கில், இரவு இரண்டே முக்காலுக்கு அதைக் கண்டோம்.
படகு என்று சொல்ல மனம் வரவில்லை.
கடலின் நிறம் பூசிய ஒரு முதுகு,
சாண் உயரப் புகைக்குழாய்,
டீசல் நாற்றம்.
நாற்றம்தான் முதலில் வந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு பேர்,
பத்து நாள் வியர்வை,
முழங்கால் வரை தண்ணீர்.
எங்கள் வெளிச்சம் பட்டதுமே அடிவால்வைத் திறந்துவிட்டிருந்தார்கள்.
சரக்கு மூழ்கினால் சாட்சி இல்லை.
கிப்ரியானோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.
நீச்சலில் எங்களில் மட்டம் அவன், ஆனால் கை சின்னது,
வால்வு இருந்த சந்துக்குள் அதுதான் நுழையும்.
கடல் நின்றது.

இரண்டரை டன்.
ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு கிளிப் படம்.
லெப்டினன்ட் எண்ணச் சொன்னார். எண்ணினோம்.
சோற்றுப்பானையை யாரும் எண்ணவில்லை.
தேங்காய்ப்பால் சோறு, அடிப்பிடித்தது.
என் வீட்டு வாசனை.

எங்களுக்கு முகம் கிடையாது.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மற்றதெல்லாம் கறுப்புத் துணி.
பெயர் கிடையாது, நான் ஏழு.
அம்மா ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள்,
மகன் மெடெயினில் மீன் குளிர்க்கிடங்கில் கணக்கு எழுதுகிறான் என்று.
முகம் தெரிந்த ஒருவன் எங்களோடு இருந்தான், ஓத்தோனியேல்.
அவனைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
அவன் தங்கையைப் பற்றியும்.

விடிகாலையில் கழிமுகம்.
பிடித்ததைக் கயிறு கட்டி இழுத்து வருகிறோம்.
லெப்டினன்ட் மலைநாட்டுக்காரர், உருளைக்கிழங்கு பூமி,
கடலைப் புத்தகத்தில் படித்தவர்.
"மணல்திட்டைத் தாண்டிவிடலாமா?" என்றார்.
நான் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.
"முடியாது சார், இன்று கியேப்ரா."

நிலவு பாதியாகும் நாட்களில்
கடல் நிறைய ஏறாது, நிறைய இறங்காது,
மனசில்லாமல் வந்து போகும்.
மற்ற ஊர்களில் அதற்கு என்னென்னவோ பெயர்.
எங்கள் ஆற்றங்கரையில் கியேப்ரா.
உடைவு.
அதிலும் எங்கள் வளைவில் மட்டும்
அந்த 'ரா'வைப் பாதி விழுங்கிவிடுவோம்.

தளத்தில் குப்புறக் கிடந்தவர்களில் ஒருவன்
தலையைத் திருப்பினான்.
நாற்பது வயது. கட்டைவிரலில் தூண்டில் நரம்பு அறுத்த வடு.
என் பூட்ஸைப் பார்த்தான், மெல்ல மேலே ஏறிக்
கண்ணுக்கு வந்தான்,
நின்றான்.

"தம்பி" என்றான், எஞ்சின் இரைச்சலுக்கு அடியில்,
"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

சிறைக்குள் அந்தக் கேள்விக்கு விலை உண்டு.
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
பதிலே வேண்டாம், ஒரு வளைவின் பெயர் போதும்,
அவன் பிள்ளைகள் ஓராண்டு சாப்பிடலாம்.

போத்தலைத் திறந்து அவன் வாயில் வைத்தேன்.
குடித்தான். பாதி தாடையில் வழிந்தது.
"காதில் தண்ணீர் போயிருக்கிறது" என்றான்,
"ஒன்றும் கேட்கவில்லை."
முகத்தை இரும்புக்குத் திருப்பிக்கொண்டான்.

ஓதத்துக்காக ஐந்து மணி நேரம் காத்திருந்தோம்.
கூழைக்கடா ஒன்று வந்து உட்கார்ந்து
இரண்டரை டன்னின் மேல் எச்சமிட்டது.
அறிக்கையில் எழுதினேன்:
கைதிகள் நால்வர், எதிர்ப்பு இல்லை, பேச்சு இல்லை.

ஆறு வாரம் கழித்து அம்மா கூப்பிட்டாள்.
வாசலில் யாரோ ஒரு கூடைச் சிப்பி வைத்துவிட்டுப் போனார்களாம்.
பெரிய சிப்பி, கண்டல் சேறு இன்னும் காயாமல்.
"யாருன்னு தெரியல. நல்ல மனசு" என்றாள்.
அவித்துத் தின்றாளாம்.
கதவுத் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
"ஏன்டா?"
"சும்மா."
கூடை எந்தக் கரைப் பின்னல் என்று கேட்க நினைத்துக்
கேட்கவில்லை.

முகமூடியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.
வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது.
கண் ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது.
வாய் இருக்கும் இடம்
இன்னும் ஈரம்.