கீழ்வீட்டுக்காரரின் புகார்

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை.
கீழ்வீட்டு ஜிக்மாஸ்.
ரொட்டிக்கடையில் இரவு வேலை, பகலில் தூக்கம்.
கதவிடுக்கில் ஒரு சீட்டு:
"மதியம் இரண்டு மணிக்கு
நாற்காலியை இழுக்காதீர்கள், தயவுசெய்து."

மதியம் இரண்டு மணிக்கு நான்
க்ளைபெடா துறைமுகத்தில்,
நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேன் கூண்டுக்குள்.
வீட்டில் இருப்பது மெஷ்கிஸ் மட்டும்.
கிரேட் டேன். அறுபத்திரண்டு கிலோ.
நாற்காலி இழுக்கத் தெரியாது அவனுக்கு.

சீட்டைக் கசக்கிப் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை
கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது
முதுகுக்குப் பின்னால் கேட்டது:
ஸ்ரக்.
ஸ்ரக்.
பின்கால் நகங்கள், தரையில்.

பிடித்துப் பார்த்தேன்.
நடு நகம் இரண்டும் மேற்புறம் தேய்ந்து
அரத்தால் ராவியதுபோல் தட்டை.
எத்தனை மாதத் தேய்மானம் இது?
கம்பிவடத்தில் ஓர் இழை விட்டால்
கூண்டிலிருந்தே காதால் பிடிப்பவள் நான்.
அதற்குத்தான் சம்பளம்.

சோபாவில் ஏறாததை
ஒழுக்கம் என்று மெச்சியிருந்தேன்.
தலையைத் தாழ்த்தியே நடந்ததை நிதானம் என்றேன்.
தட்டுக்குக் குனியாமல் என்னையே பார்த்து நின்றதைக்
கொழுப்பு என்றேன்,
கேட்கிறானே என்று ஈரலும் போட்டேன்.
திரும்பும்போது பின்பக்கம் மட்டும்
பீர் குடித்தவன்போல் ஒரு கணம் பிந்தி வந்ததை
வீடியோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்,
சிரிக்கிற முகம் மூன்று சேர்த்து.

டாக்டர் அவுஸ்தேயா பின்பாதத்தை எடுத்துப்
புறங்கால் தரையில் படும்படி மடக்கி வைத்தார்.
காத்திருந்தோம்.
நன்றாக இருக்கும் நாய் உடனே திருப்பிவிடுமாம்.
அவன் திருப்பவில்லை.
தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே
டாக்டர் பாக்கெட்டை மோந்துகொண்டிருந்தான்.
"கோளாறு காலில் இல்லை," என்றார். "கழுத்தில்."
படத்தில் காட்டினார்:
எலும்பு நெருக்கி, தண்டுவடம்
யாரோ மிதித்து நிற்கும் தோட்டக் குழாய்போல்
ஓரிடத்தில் ஒடுங்கி.
தலை அனுப்பிய சேதி
காலுக்குப் போய்ச் சேரவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு கௌனாஸ் போகவேண்டும்.
போனாலும் உறுதி சொல்ல மாட்டார்கள்.
இப்போதைக்கு மாத்திரை, ஓய்வு, குதிக்கக் கூடாது.
கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், இன்றே.

அந்தப் பட்டையைப் பிடித்துத்தான்
மூன்று மாடியும் இழுத்திருந்தேன் அவனை.
லிஃப்ட் இல்லாத கட்டடம்.
இதற்குமேல் அதைப்பற்றி எழுத மாட்டேன்.

சரக்கு தூக்கும் அகலப் பட்டை ஒன்று,
ஓரம் பிசிறியதால் கழித்துப் போட்டது,
கேட்டு வாங்கி வந்தேன்.
அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து
இரண்டு முனையும் என் கையில்.
வெடுக்கென்று தூக்காதே.
முதலில் பட்டை இறுகட்டும்,
ஆட்டம் நிற்கட்டும், பிறகு தூக்கு.
முப்பது டன்னுக்குப் படித்தது
அறுபத்திரண்டு கிலோவுக்கும் சரியாகத்தான் இருந்தது.
என் இடுப்புக்கு அது தெரியவில்லை.

தட்டை முக்காலிமேல் ஏற்றினேன்.
ஹாலிலிருந்து சமையலறைவரை
சிவப்புக் கம்பளம், பச்சை யோகா பாய்,
குளியலறையின் நீல மிதியடி.
வழுக்காது.
பார்க்க அசிங்கம்.

பத்தாம் நாள் கதவைத் தட்டினார் ஜிக்மாஸ்.
சட்டைக் கையில் மாவு.
"மதியச் சத்தம் நின்றுவிட்டதே," என்றார்.
நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.
"அது... இருக்கிறதா?"

அதற்குள் எழ ஆரம்பித்திருந்தான்.
முன்கால்.
வெகுநேரம் எதுவுமில்லை.
பின்கால்.
சிவப்பு, பச்சை, நீலம் தாண்டிச்
சத்தமில்லாமல் ஆடி ஆடி வந்து
ஜிக்மாஸின் தொடைமேல் முழுப் பாரத்தையும் சாய்த்தான்.
அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது
பட்டையின் மறுமுனை அவர் கையில்.
"இறுகியதா?" என்பேன்.
"இறுகிவிட்டது," என்பார்.

நேற்று இரண்டாம் மாடித் திருப்பத்தில்
மெஷ்கிஸ் உட்கார்ந்துவிட்டான்.
நாங்களும் உட்கார்ந்தோம்.
யாரோ மேலே போக வந்து
மூன்று பேரையும் பார்த்துவிட்டு
காத்து நின்றார்கள்.