இருபத்தொரு மில்லிமீட்டர்

தவறி வந்த பொட்டலம்தான் ஆரம்பம்.
நான் கேட்டது பன்னிரண்டு மில்லிமீட்டர்,
நம்மூர் மீட்டர் பாதைக்கு.
வந்தது இருபத்தொன்று.
எட்டு ஜோடிச் சக்கரம், கறுத்த எஃகு.
பில்லில் வேறொருவர் பெயர்:
டெக்லன் மொர்ரின், மேயோ, அயர்லாந்து.

திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினேன்.
எனக்கு வேறு வந்துவிட்டது,
வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வைத்துக்கொண்டு என்ன செய்ய?
செந்தூல் பிளாட்டில் ஒன்பதாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே கொம்யூட்டர் போகிறது.
அந்தப் பாதையை எத்தனை சிறிதாக்கினாலும்
இந்தச் சக்கரம் அதில் உட்காராது.
சக்கரம் இருக்கிறது, நாடு இல்லை.
நாட்டைச் செய்யத் தொடங்கினேன்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
ஜாலான் ஈப்போவில் லேப்.
முகம் பார்த்திராத ஒருவரின் கடைவாய்க்கு
மெழுகு செதுக்கி, வார்த்து, மெருகிடுவேன்.
மிச்சப் பிளாஸ்டர் என்னோடு வீட்டுக்கு வரும்,
நடைமேடையின் விளிம்புக் கல்லாக.
தேய்ந்த துளைப்பான் முனைகளால்
சிலிப்பர் கட்டைக்கு ஆணித் தழும்பு வைத்தேன்.

நான் செய்யும் ஸ்டேஷனை மூடி அறுபது வருஷம்.
அதன் பெயர் என் நாக்குக்கு வர மூன்று மாதம்.
டெக்லனும் இன்னும் நாலு பேரும்
சனிக்கிழமைதோறும் முட்புதர் வெட்டி
கால் மைல் தண்டவாளத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள்.
எஞ்சின் கிடையாது.
தள்ளுவண்டி ஒன்று உண்டு.
மழை விட்டால் ஏறி ஓட்டுவார்களாம்.
மழை விடுவதில்லையாம்.

'தாப்பா ரோடு ஸ்டேஷனை விட்டுவிட்டு ஏன் அங்கே?'
மன்றத்தில் ஹஸ்னோல் கேட்டார்.
ஐந்தடி மூன்றங்குலம் என்றேன், வேறு பதில் இல்லாமல்.
ஆளுக்கோர் அகலம் போட்டுக்
கம்பெனிகள் சண்டை பிடிக்க,
எல்லாவற்றையும் கூட்டி வகுத்து
யாருமே கேட்காத ஓர் எண்ணைக் கொடுத்தார்களாம் என்றேன்.
'எங்கள் வீட்டுச் சொத்துப் பிரித்த மாதிரி'
என்றார் யாப்.

எல்லாம் வந்தது, சதுப்பு நிறம் மட்டும் வரவில்லை.
படத்துக்குப் படம் வேறு கறுப்பு.
தேயிலைப் பெட்டியில் ஒரு பிடி மண்
அனுப்பிவைத்தார் டெக்லன்.
அது சுங்கத்தில் நின்றது.

கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயது.
'தானா லுவார் நெகாரா. தாக் போலே, காக்.'
அடுத்த வாரம் எரித்துவிடுவோம் என்றாள்.
அங்கேயும் அதை எரித்துத்தான்
குளிர் காய்கிறார்கள் என்றேன்.
அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

பார்க்கவாவது விடுங்கள் என்றேன்.
பிளாஸ்டிக் பையோடு
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
பையில் எப்போதும் கிடக்கும்
பல்நிறச் சீப்பைக் கை தேடியது:
பதினாறு வகை வெள்ளை,
ஒன்றும் உதவாது.
கறுப்பே இல்லை அது.
உள்ளே ஒரு செம்மை,
பிடுங்கிய பல்லின் வேரில் உலர்ந்திருக்குமே, அது.
'சுடா, காக்?' என்றாள், கை வலித்திருக்கும்.

பஸ்ஸில் கண்ணை மூடியே வந்தேன்,
வேறு நிறம் எதுவும் உள்ளே விழாமல்.
இறங்கியதும் மாமாக் கடையில்
கோப்பிச் சக்கை ஒரு பை, காசு வாங்கவில்லை.
உலர்த்தி, காவி கொஞ்சம் தூவி,
பிசினில் குழைத்துப் பாதையோரம் பரப்பினேன்.
இரவு இரண்டு மணிக்கு எட்டு ஜோடியும்
தடம் புரளாமல் ஓடின, கையால் தள்ளித்தான்.
அறையெல்லாம் கோப்பி மணம்.

மூன்றாம் நாள் எறும்பு வந்தது.
இனிப்புச் சேர்த்து வறுத்த கொட்டை, வராதா?
சதுப்பைக் கடந்து, பிளாஸ்டர் விளிம்பில் ஏறி,
நடைமேடை நெடுக வரிசை.
துடைக்கத் துணியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

டெக்லனுக்கு எழுதினேன்:
உங்கள் ஸ்டேஷனுக்குப்
பயணிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஒரே வரியில் பதில்:
எந்தப் பக்கம் போகிறவர்கள்?