பன்னிரண்டாயிரம் தையல்

ஆடி இரண்டாம் நாள் ஆர்டர் வந்தது.
டீ-சர்ட்டின் முதுகில் ஒரு பறக்கும் பெண்.
பனியன் துணி, நூற்றைம்பது ஜி.எஸ்.எம்.
"பன்னெண்டாயிரம் தையலுக்கு மேல போகக்கூடாதுங்,
துணி சுருக்கிக்கும்" என்றாள் துளசிமணி,
ஐந்து படங்களை அனுப்பிவிட்டு.
ஐந்தும் குகைச் சுவர்கள்.
ஐந்திலும் புத்தருக்கு மேலே யாரோ பறக்கிறார்கள்.

அங்கேரிபாளையம் ரோடு, லேத் பட்டறைக்கு மேல்மாடி.
என் வேலை பஞ்சிங்:
கோடு சொல்வதை
ஊசிக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது.

முதல் படம் பாலைவனத்துச் சுவர்.
தோளிலிருந்து கிளம்பும் சிறகு.
இறகு இறகாய் இழுத்து முடித்தபோது
முப்பத்தோராயிரம்.

இரண்டாவது தக்காணத்துப் பாறை.
சிறகில்லை, இடை கனத்தவள்.
ஆனால் கழுத்து முத்தெல்லாம் ஒருபுறம் சாய்ந்திருக்க
நின்ற பஸ்ஸைச் சட்டென்று எடுத்தது போல்
எனக்கே உடம்பு பின்னால் போயிற்று.
வரைந்தவன் காற்றை வரையவில்லை,
முத்தைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறான்.
அந்த முத்துக்கு மட்டும் எட்டாயிரம் ஆகும்.

மூன்றாவதில் முகம் கறுப்பு.
"மெஷின் ஆயிலா அக்கா?" என்று எட்டிப் பார்த்தான் பிகாஷ்.
இல்லையடா, வண்ணத்தில் ஈயம்.
சிவந்த முகம் ஆயிரத்தைந்நூறு வருஷத்தில் கரியாகிவிட்டது.
நம்ம ஊர் லேபுக்கு அனுப்பியிருந்தால்
கலர் ஃபாஸ்ட்னஸ் ஃபெயில்.
உடம்போ இடுப்பில் மடிந்த இடுக்கி;
பறக்கப் பழகவில்லை இன்னும்,
விழப் பழகியிருக்கிறாள்.

நாலாவதில்தான் மௌஸிலிருந்து கையெடுத்தேன்.
தலைகீழாக இறங்குகிறாள்.
கால் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.
பச்சையும் நீலமுமாய் இரண்டு மேலாடை,
உடம்பைப் போல மும்மடங்கு நீளம்,
அவசரமில்லாமல் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.
பறப்பது துணி.
அவள் கூடப் போகிறாள், அவ்வளவே.

நானூறு ஐந்நூறு வருஷமாய் யார் யாரோ
விளக்குப் புகையில் கழுத்து நோக
ஒவ்வொன்றாய் எடுத்திருக்கிறார்கள்,
இறகை, முத்தை, இடுப்பின் பளுவை.
அவர்களுக்கும் யாராவது கணக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஐந்தாவதில் மறுபடி கனம்.
மேகத்தின் மேல் நின்றாள்,
ரேஷன் கடை வரிசையில் நிற்பது போல.
மூடிவிட்டேன்.

நாலாவதை எடுத்துக்கொண்டேன்.
முகத்துக்கு நானூறு. விரல்களை விட்டுவிட்டேன்.
மேலாடைக்கு அறுக்காத ஒற்றை ஓட்டம்.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

சாம்பிள் போன மறுநாள் துளசிமணி பேசினாள்:
"பையருக்குப் புரியலைங்க்கா. ரெக்கை வேணுமாம்.
ரெக்கையில்லாம பறக்கறாள்னு
வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்ங்கறாங்க.
அந்தத் துணியத் தூக்கிருங்."

தூக்கினேன்.
மத்தியானச் சோற்றுக்குள்
ஐந்நூறு வருஷம் பின்னால் நடந்தேன்.
இறகைப் பாதியாய்க் குறைத்ததில் கணக்கும் நேராயிற்று.

கழித்த சாம்பிளில் ஊசித் தட்டைத் துடைத்து
ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தான் பிகாஷ்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
பல்லடம் தாண்டி வந்து சேர்ந்த நேரம்.
"ஏனுங், துணி போகுதுங்!"
கீழிருந்து லேத்காரர் கத்தினார்.

நான் எழவில்லை.
பன்னிரண்டு தலை மெஷினில்
ரெக்கை ஓடிக்கொண்டிருந்தது.
நூல் அறுந்தால் பார்க்க ஆள் வேண்டும்.