முத்திரைத் தேதி

முதல் இரவு பாலத்துக்கு வந்தது ஆறு பேர்.
ஆற்றுக்கு ஆறு பேர் என்றாள் ஷெஃபிகா.
யாரும் சிரிக்கவில்லை.
போஸ்னிய மலைகளிலிருந்து இறங்கிய குளிர்
பல்லுக்குள் புகுந்திருந்தது.

ஸும்ராவைத் தலைவியென்று நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.
நாற்காலி கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான்.
மற்றவர்கள் நின்றோம்.
உட்கார்ந்திருப்பவளிடம்தானே
போலீஸ் முதலில் பேசும்.

யசெனிட்சாவைக் குழாய்க்குள் போட்டு
எட்டு கிலோமீட்டர் கொண்டுபோவார்களாம்.
மின்சாரம் வருமாம்.
மிச்ச ஆறு கல்லாய்க் கிடக்கும்,
பாலம் இருக்கும்,
பாலத்துக்கு வேலை இருக்காது.

தபால் நிலையத்தில் இருபத்தாறு வருடம்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் ஸும்ரா.
ஜெர்மனியிலிருந்து யாருக்குப் பணம் வருகிறது,
யாருக்கு வருவது நின்றுபோனது,
எல்லாம் தெரியும்; வாய் திறக்க மாட்டாள்.
சீட்டில் மட்டும் ஏமாற்றுவாள்.
விடிகாலை நான்கு மணி, விரல்கள் விறைத்த நேரம்,
ராணியை முழங்கை மடிப்பில் செருகிக்கொள்வாள்.
பார்த்தும் பாராததுபோல் இருப்பேன்.
விழித்திருக்க ஏதாவது வேண்டுமே.

பெண்கள் நின்றால் கைவைக்கமாட்டார்கள் என்று
எங்கள் ஆண்கள் காப்பிக் கடையில் கணக்குப் போட்டார்கள்.
முப்பத்தெட்டாம் நாள்
புல்டோசருக்கு முன்னால் கேடயங்கள் வந்தன.
கணக்கு தப்பு.
மெவ்லாவின் பல்செட்டைச்
சரளைக்குள் மாலைவரை தேடினோம்.
என் இடது சுண்டுவிரல் இன்றும் மடங்காது;
குவளை பிடிக்கும்போது
சீமாட்டிபோல் தனியே நீட்டிக்கொள்கிறது.

பிறகு ஒருநாள் பொறியாளர் வந்தார்.
கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோமே,
நீங்கள்தான் வரவில்லை என்றார்.
ஸும்ரா அன்று சீட்டைத் தொடவில்லை.
வீடு வீடாகப் போனாள்.
அடுப்பு மூட்ட வைத்திருந்த காகிதக் கூடைகளைக் கவிழ்த்தாள்.
பதினோரு உறைகள் கிடைத்தன.
உள்ளே, கூட்டம் மார்ச் மூன்று.
வெளியே, முத்திரை மார்ச் ஒன்பது.

குத்தியது அவள் கைதான்.
ஒரே கட்டாக, ஒரே மூச்சில்,
டக் டக்கென்று குத்தித் தள்ளிய காலை
அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.
அன்றிரவு நெடுநேரம் ஆற்றைப் பார்த்திருந்தாள்.
காப்பி ஆறிப்போனது. ஆறு ஆறவில்லை,
இருட்டில் கல்லோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தது.

வழக்கறிஞர் கேட்டார்:
உள்ளே என்ன இருந்ததென்று
அப்போதே உங்களுக்குத் தெரியுமா?
அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது குற்றம் என்றாள்.
தேதியைப் படிப்பது என் வேலை.
நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது,
தற்காலிகமாக.
செய்தித்தாளில் நகரத் தலைவர் கைகூப்பி நிற்கிறார்,
சுற்றிலும் காப்பிக் கடை ஆண்கள்.
ஓரத்தில் சாம்பல்நிறக் கம்பளிக்குள் ஒரு முழங்கை,
அவ்வளவுதான் ஸும்ரா.
உற்றுப் பார்த்தேன், ராணி தெரிகிறாளா என்று.

மற்றவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள்.
அவள் மட்டும் நாற்காலியை எடுக்கவில்லை.
தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்று
தபால் சட்டத்தில் இல்லையாம்.
முறை வைத்து உட்கார்கிறோம்.
இன்று என்னுடையது.
கம்பளி மறந்துவிட்டேன்.
கீழே மீனொன்று துள்ளி,
எழுந்து பார்ப்பதற்குள்
வட்டம் மட்டும் விரிகிறது.